உடைந்தவை

மாதக் கடைசியில் என் கையால்தான் கழிப்பேன்:
இருளாண்டி, டிரைவர், உடைந்த முட்டை வகையில்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
கையெழுத்துப் போடுவார். பேனாவை மூடித் தருவார்.

ஆவணியில் ஒருநாள் அந்த மூடின பேனா
ஏனோ தொந்தரவு செய்தது.
ஜிஎஸ்டி கோப்பை மூடிவிட்டு
எக்செல்லில் புதுத் தாள் திறந்தேன்.

ஒரு வரி, நூறில் ஒரு நொடி.
ஏ பத்தியில் நேரம். பி-யில் சாலை.
கருமாத்தூர் வேகத்தடையை நானே போய் அளந்தேன்,
மகனின் ஸ்கேலால், டவுன் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க:
ஒன்பது சென்டிமீட்டர். வெள்ளைக்கோடு இல்லை.
சி-யில் வண்டித் தளத்தின் உயரம், டி-யில் வேகம்.
முந்தின வரியின் பாக்கியை
அடுத்த வரிக்குக் கொண்டுவருவது
எனக்குப் பழகின வேலைதானே.

ஸ்பிரிங் நாணயஸ்தன்.
வாங்கினதை அப்படியே திருப்பித் தந்துவிடுவான்.
ஷாக் அப்சார்பர் தரகன்;
ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் எடுத்துச்
சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவான்.
அதற்கு ரசீது கிடையாது.

முதல் தடவை ஒரு மைனஸ் விட்டுப்போச்சு.
நூறாவது வரியில் வண்டி
நாகமலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது,
முட்டைகளோடு.

திருத்தினேன்.
முழு லோடில் சாதுவாக ஏறி இறங்கியது.
செக்கானூரணியில் பாதித் தட்டு இறக்குவோமே,
எடையைப் பாதியாக்கினேன்.
எஃப் பத்தியில் சிவப்பு, ஏழு செல்.
பூமி இழுக்கிற அவசரத்தைவிட
வேகமாய்த் தளம் கீழே போகிறது.
மேல்தட்டு ஒரு கணம்
எதன் மீதும் இல்லை.

போன தையில், லோடு கூட ஏற்ற,
அண்ணாச்சி இரண்டு பட்டை சேர்த்தார்.
அந்த பில்லைப் பதிந்ததும் நான்தான்.
ஒன்பதை ஏழாக்கினேன்.
சிவப்பு போய்விட்டது.

அண்ணாச்சி நானூறு வரியையும்
விரலால் தடவிக்கொண்டே போய்க்
கடைசித் தாளில் நின்றார்.
"டோட்டல் எங்கேம்மா?"

இருளாண்டி கோட்டுப்படத்தை மட்டும் பார்த்தார்.
நான் பெயர் எதுவும் எழுதவில்லை.
முதல் மேட்டில் நகத்தை வைத்தார்: "கருமாத்தூர்."
நகம் நகர்ந்தது.
"இங்க ரெண்டாவது மேடு கிடையாதே?"

"அது ரோட்டுல இல்லண்ணே.
நம்ம பட்டையில."

இந்த மாதம் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.
இருளாண்டி பெயரிலிருந்து எடுத்து
வண்டிப் பராமரிப்பில் எழுதினேன்.
அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்தார்.
டோட்டல் சரியாக இருந்தது.