பதினெட்டும் எழுபத்தோரு நாளும்

கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறது
என் பழைய தேசம்.
நேற்றிரவு விமானத்தில் வந்ததாம்,
இரண்டு பெட்டி, ஒரு அச்சு இயந்திரம்,
சுவரில் ஒட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கொடியோடு.

வின்னிபெக்கில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பிராண்டனிலிருந்து இரண்டரை மணி நேரம்
பனிப்புழுதிக்குள் என்னை ஓட்டிவந்தவன்
உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான்.
வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சினை அணைக்காமல் இருக்கிறான், என் மகன் ஐசாயா.

என் எண் நாற்பத்து மூன்று.
முன்னால் ஒரு கப்பல் சமையல்காரர்,
பின்னால் இரவுப் பணி முடித்து வந்த நர்ஸுகள்,
நின்றபடியே தூங்குகிறார்கள்.
எல்லார் கையிலும் அதே பிளாஸ்டிக் உறை:
பிறந்ததற்குச் சான்று, மணந்ததற்குச் சான்று,
வேறொருத்தியாக மாறியதற்குச் சான்று,
வெள்ளைப் பின்னணியில் சிரிக்காத முகம், மூன்று பிரதி.

பெயர்?
லூஸ்விமிண்டா அபுயென்.
லூசோன், விசயாஸ், மிண்டனாவ்,
மூன்று தீவுக்கூட்டத்தையும் ஒரே பெயரில்
சுருட்டி வைத்தவர் அப்பா.
நாட்டையே பெயராகச் சுமப்பவள்
‘முன்னாள்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா எழுதவில்லை. குளிர்.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
இரண்டாம் முறையும் முன்னாள் ஆனேன்.

முதல் முறை, அரசியின் படத்துக்கு முன்னால்
வலது கையைத் தூக்கியபோது எனக்கு ஏழு மாதம்.
உறுதிமொழியின் நடுவில் உள்ளிருந்து ஓர் உதை.
சம்மதமா மறுப்பா, இன்றுவரை தெரியாது.
ஒன்பது வாரம் நான் பொறுத்திருந்தால்
அவன் பிறக்கும்போதே பிலிப்பினோ.
அவசரப்பட்டேன். சம்பளம் கூடும் என்றார்கள்.
கூடியது, மணிக்கு எண்பது காசு.

அதிகாரி இளைஞன், மூக்கு சிவந்தவன்.
மகள் ரெய்னாவின் தாளைப் பார்த்தான்:
பதினைந்து. அம்மாவோடு சேர்த்துக்கொள்ளலாம்.
மகனின் தாளைப் பார்த்தான்.
மேசை நாட்காட்டியில் விரலால் எண்ணினான்,
உதடு அசைய, இரண்டு தடவை.
‘பதினெட்டு முடிந்து எழுபத்தோரு நாள்.
மன்னிக்கணும் அக்கா. பையன் சேரமாட்டான்.’

போன வசந்தத்தில் இதே கூடத்துக்கு வந்தார்கள்.
எனக்கு இறைச்சி ஆலையில் இரட்டை ஷிஃப்ட்.
அக்டோபரில் வந்தார்கள்.
நெடுஞ்சாலையை மூடிவிட்டது பனி.
பன்றித் தொடையின் எலும்பை
ஒன்பது நொடியில் உருவத் தெரிந்த கைக்கு
ஒரு படிவத்தை நேரத்துக்கு அனுப்பத் தெரியவில்லை.

அவனுக்கு எங்கள் மொழி வராது.
ஆனால் மேசைக் காலில் விரலை இடித்துக்கொண்டால்
வாயில் வருவது சுத்தமான இலோக்கானோ வசவு.
அதற்கு எந்த மேசையில் முத்திரை குத்துவார்கள்?

நாற்பது பேர் எழுந்து நின்றோம்.
கை தூக்கினோம், பந்துக்குத் தாவுகிறவர்கள் மாதிரி.
மனத்தில் எதையும் ஒளித்து வைக்காமல், என்றான் இளைஞன்.
மனத்தில் எதையும் ஒளித்து வைக்காமல், என்றேன்.
ஒளித்து வைத்தது
வெளியே பெட்ரோல் எரித்துக்கொண்டிருந்தது.

சமையல்காரர் அழுதார்.
ரெய்னா உடனே போனை எடுத்துப் படம் பிடித்தாள்.
எனக்குப் பசித்தது.
வாசலில் விற்ற பன்சிட் நூடுல்ஸ்
மூன்று தட்டு வாங்கினேன்.

கார் கதவைத் திறந்ததும் அவன் கேட்டான்,
‘இப்போ நீ எத்தனை பேர்?’
‘ரெண்டு.’
‘மணிலாவில் இறங்கினால் நான் எந்த வரிசை?’
‘வெளிநாட்டார் வரிசை. நானும் அங்கேதான் நிற்பேன்.’
‘லூசு. உனக்குத்தான் குட்டி வரிசை இருக்கே.’

பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன்.
இருக்கை சுட்டது.
என் பக்கத்துக்கு மட்டும் சூடு போட்டு வைத்திருந்தான்,
எவ்வளவு நேரமாகவோ.
கால் டேங்க் காலி.
அதற்கும் நான்தான் கட்டணும்.