ஏழு கிலோ

விமானக் கொம்பனி ஏழு கிலோ என்கிறது.
எங்கள் வீட்டுத் தராசு கோதுமை மாவுக்கானது,
இரண்டோடு மூச்சு விட்டுவிடும்.
ஆகவே காலை ஆறு மணிக்கு
நீலப் பையை முதுகில் கொளுவிக்கொண்டு
மீன் சந்தைக்குப் போனேன்.

பஸ்தியாம்பிள்ளை பாரைகளை ஒதுக்கிவிட்டுக்
கொழுக்கியை நீட்டினார்.
"என்ன மீன் தங்கச்சி?"
"ஹனோய்."
"இந்தக் கடலில அது இல்லை" என்றார்,
முள்ளைப் பார்த்தபடி.

எட்டுக் கிலோ நானூறு.

பெட்டி மூடியொன்றைக் கவிழ்த்து
அதன்மேல் பையைத் திறந்ததுதான் தாமதம்,
சந்தை முழுக்க எனக்குப் பயணம் கட்டியது.
மூன்று ரீசேட் காணும், தோய்க்கலாம்.
இரண்டாம் சப்பாத்து எதுக்கு, இரண்டு காலுக்கா, நாலு காலுக்கா?
இந்தப் பூட்டு பாங்குக்குப் போடுறது.
ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, கையில் சூடை மீன்,
மருந்துப் பையைப் பிரித்து எண்ணிவிட்டு
"ஜீவனி நாலு பக்கற் வை, மற்றதெல்லாம் பயம்" என்றாள்.

துவாயைத் தூக்கிப் பார்த்தார் மஹ்றூப் நானா.
"ஈரமானா இதுவே ரெண்டு கிலோ மகள்.
சாரன் ஒண்டு கொண்டு போ.
துடைக்கலாம், போர்க்கலாம், கட்டித் தொங்கவிட்டா
உடுப்பு மாத்துற அறை."

அந்தக் கறுப்புப் பொலித்தீனை மட்டும் திறக்காதேங்கோ என்றேன்.
எல்லோரும் ஒரே நேரத்தில்
கடலைப் பார்த்தார்கள்.

"ஆரோட போறீர்?"
"பையோட."
அதன்பிறகு கொஞ்ச நேரம்
ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும்.

துவாய், சப்பாத்து, பூட்டு வெளியே. சாரன் உள்ளே.
ஏழு இருநூறு.
பஸ்தியாம்பிள்ளை மழைச் சட்டையை உருவி
என் தோளில் போட்டார்.
"பாரமானதை உடுத்துக்கொண்டு ஏறு.
ஆளை நிறுக்கமாட்டாங்கள்."

*

வீட்டில் இன்னொரு பை இருக்கிறது.
கதவுக்குப் பின்னால், ஆணியில்,
நான் பிறந்த நாளிலிருந்து கட்டியபடி.
காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள்,
பாங்குப் புத்தகம், ரோச் லைற்,
பொலித்தீனுக்குள் பொலித்தீன்.
கடல் ஏறிய காலையில் அது முதலில் ஓடியது.
ஷெல் விழுந்த ஆவணியில் மறுபடி.
அதற்கு ஏழு கிலோ என்று எவரும் சொன்னதில்லை.
தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது எவ்வளவோ
அவ்வளவு.
திரும்பி வருகிற திகதி
அதற்குள் எந்தக் கடதாசியிலும் இருந்ததில்லை.

என் பாஸ்போட் அங்கேதான் இருந்தது.
அதை மட்டும் உருவினேன்.
அம்மா மிச்சத்தை எண்ணினாள்,
இரண்டு தரம்,
சிப்பை மூடினாள்,
பையை அதே ஆணியில் மாட்டினாள்.
"எத்தினையாம் திகதி வாறாய்?"
"இருபத்தொண்டு."
கலண்டரில் பேனையால் வட்டம் போட்டாள்.
மீன் வாங்கும் நாட்களுக்கும்
அவள் அப்படித்தான் போடுவாள்.

*

பஸ் நிலையத்தடியில் மான்கள்.
வழக்கம்போல வாழைப்பழத் தோல், பஸ் ரிக்கற்.
ரீ குடித்துக்கொண்டு நின்றேன்.
ஒன்று பக்கப் பொக்கற்றுக்குள் முகம் விட்டு
விடுதி விலாசம் அச்சடித்த தாளை
ஆறுதலாகச் சப்பியது.
வீதிப் பெயர் போனது, இலக்கம் போனது.
போனில் இருக்கிறது, சரிதான்.
என்றாலும்
வெறும் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

துவாயும் சப்பாத்தும் பூட்டும்
சந்தையில் ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் இருக்கின்றன.
மூடியில் மாக்கரால் ஹனோய் என்று
பஸ்தியாம்பிள்ளை எழுதியிருக்கிறார்,
'னோ'வுக்குக் கொம்பு ஒன்று கூடுதலாக.

இரவு றெயிலில்
பையை மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார்,
என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்,
எழும்பி
ஜன்னலை முழுவதுமாகத் திறந்துவிட்டார்.