ஏறும்போது மட்டும்

எல்லா நிவாவும் அழும் என்றான் முர்ஸகான்.
பிறவிக் குணம், டாக்டர்,
எண்ணெயை மாற்றிவிட்டு மறந்துபோங்கள்.

எனக்கும் தெரியும்.
பதினோரு வருஷமாய் அந்த அழுகையோடுதான்
மெஸ்தியாவிலிருந்து மலைக்கொட்டில்களுக்கு ஏறுகிறேன்.
பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி, கன்று இழுக்கும் கயிறு,
ஒருமுறை ஜுரம் கண்ட ஒரு கிடாய்.

இது வேறு.
தகர டப்பாவுக்குள் மாட்டிய கொசு.
அறுபதைத் தொட்டதும் தொடங்கும்,
மிதிக்க மிதிக்கக் கூராகும்,
காலை எடுத்தால் கப்சிப்.
மறுபடி மிதித்தால் மறுபடி.

நியூட்ரலில் வைத்து முறுக்கினான்.
எஞ்சின் உறுமியது, கொசு இல்லை.
பெல்ட் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை என்று
சிகரெட்டை உதட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளினான்.
வளைவுகளில் இடமும் வலமும் ஒடித்தான்,
ஸ்வரம் மாறவில்லை.
சக்கர பேரிங்கும் இல்லை.

முன்பக்க ஷாஃப்டைக் கழற்றிப் புல்லில் போட்டு
நடு டிஃபரென்ஷியலைப் பூட்டி
பின்சக்கரங்களால் மட்டும் லத்தாலி வரை போனோம்.
கொசு கூடவே வந்தது.

அப்படியானால் பின்னால்.

பின்பக்கத்தைக் கட்டைகளில் தூக்கி
சக்கரங்களை வெறுங்காற்றில் ஓடவிட்டு
உங்கள் குழாயைக் கொடுங்கள் என்றான்.
மாட்டு நெஞ்சில் வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பை
நான் யாருக்கும் தருவதில்லை.
நானே அடியில் நுழைந்தேன்.
இரும்பு வயிற்றின் மேல்பக்கம் தூறல்,
ஓரத்தில் ஒன்றுமேயில்லை,
ஷாஃப்ட் நுழையும் மூக்கில் வைத்ததும்
காதிலிருந்து பிடுங்கி எறிந்தேன்.

திருகைத் திறந்தால் அரை லிட்டர்கூட விழவில்லை.
விழுந்ததும் கறுப்பு. அதில் மீன்செதில்போல்
வெள்ளியாய் மின்னும் தூள்.
சீல் என்றோ கிழிந்திருக்கிறது.
வைத்தியம் பார்க்கப் போன வாசலிலெல்லாம்
ஒரு சொட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், குதாயிசி மினிபஸ்ஸில்
மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வந்தன பேரிங்குகள்.
அடித்துப் பொருத்துவது பெரிதில்லை,
நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில் இருக்கிறது சங்கதி.
குறைந்தால் ஆடும், கூடினால் வெந்துபோகும்.
கயிற்றைச் சுற்றி இழுத்து அளக்கத் தராசு தேடினான்,
அவனுடையது துருவேறிச் செத்திருந்தது.
என் பையில் இருந்தது,
ஆட்டுக்குட்டி நிறுக்கும் வில்தராசு.
கொஞ்சம் இறுக்கு, இழு. இன்னும் கொஞ்சம், இழு.
ஏழரைக் கிலோவில் மெத்தென்று சுழன்றது.
இரட்டைக் குட்டி என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

சிரிக்க மூச்சு இல்லை.
ஜாக்கி அடித்துவிட்டு எழுந்தவன்
டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்,
உதடு சாம்பலாய்.

எத்தனை நாளாய்?
ஏறும்போது மட்டும்தான், டாக்டர்,
நின்றால் நின்றுவிடும்.
எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு,
பிறவிக்…

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சட்டையைத் தூக்கு.
நான் என்ன மாடா?
மாடு இவ்வளவு பேசாது.

மனுஷ நெஞ்சின் பாஷை எனக்கு அரைகுறை.
ஆனால் லப்புக்கும் டப்புக்கும் நடுவே
சரியாகத் திறக்காத கதவு ஒன்றில்
காற்று உரசுகிற மாதிரி இருந்தது.
அதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை.

புல்லறுப்பு முடியட்டும் என்றான்.
மகள் கல்யாணம் என்றான்.
இரண்டு வண்டி பிரித்தபடி கிடக்கிறதாம்.
கூலியை சுக்திதி ஆஸ்பத்திரி வாசலில்தான்
எண்ணித் தருவேன் என்றேன்.
ஸ்வானேத்திக் கெட்ட வார்த்தைகளில்
எனக்குத் தெரியாத இரண்டை அன்று கற்றேன்.

வியாழக்கிழமை.
அறுபது. எழுபது. ஒன்றுமில்லை,
பழைய நிவாவின் பழைய அழுகையைத் தவிர.
அவன் பின்சீட்டுப் பக்கம் காதைச் சாய்த்து
கொசு செத்தது என்றான், தானே பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.
ஏற்றம் வந்தது, மிதித்தேன்.
அவன் பின்னச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.
நான் ரேடியோவை அணைத்தேன்.

கூலி, என்றான் கொஞ்சநேரம் கழித்து,
தராசு வாடகையைக் கழிக்கமாட்டீர்களே?