அழைப்புப் பொத்தான்

வெர்லின் மேலண்ணத்தில் ரப்பர்ச் சவ்வை ஒட்டிக்கொண்டால்
பெட்டை வான்கோழியாகவே ஆகிவிடுவான்.
எனக்கு அது குமட்டும்.
ஒருதடவை முயன்று
காலைக் காபியை அவன் பூட்ஸ்மேல் கக்கினேன்.
அப்புறம் வாங்கினேன் இதை:
சோப்புக்கட்டி அளவில் மரப்பெட்டி,
நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி,
உள்ளே சுருள்வில், கொஞ்சம் சாக்குத்தூள்.
ஒரு விரல் போதும்.
முழுக்க அழுத்தினால் கியௌ.
சட்டென்று தட்டினால் டொக்.
பாதி அழுத்தி விரலை நடுங்கவிட்டால்
வயிறு நிறைந்த பெட்டையொன்று
தனக்குத்தானே பேசிக்கொண்டு போகும்.

குழந்தைப் பொம்மை, என்றான் வெர்லின்.
பதினெட்டு டாலர், என்றேன்.
பதினெட்டு டாலர் பொம்மை, என்றான்.

இருக்கட்டும்.
பதினோரு வருடமாகப் பொத்தானில்தான் என் பிழைப்பு.
முதியோர் இல்லம், கிழக்குப் பகுதி, இரவுப் பணி.
யாராவது அழுத்துவார்கள்.
கதவுக்கு மேல் ஆரஞ்சு விளக்கு எரியும்.
நான் போவேன்.
தண்ணீர். தலையணை. ஈரமான விரிப்பு.
ஒன்பதாம் அறை ஹல்டா அம்மையாருக்கு
வெளியே நிற்கும் பால் லாரி
போய்விட்டதா என்று தெரிந்தாக வேண்டும்.
அங்கே லாரி நின்றதே இல்லை.
போய்விட்டது என்பேன். தூங்கிவிடுவார்.

பதினான்காம் அறை கிளெட்டஸ் பிட்ஸருக்கு
எதுவுமே வேண்டாம்.
பக்கவாதம் பேச்சை வழித்துக்கொண்டு போன மனிதர்.
அழுத்துவார்.
போவேன்.
பார்ப்பார்.
நல்ல கையால் காற்றைத் தள்ளுவார்: போ.
ஓர் இரவில் ஏழு முறை. எண்ணியிருக்கிறேன்.

மார்ச்சில் ஒருநாள்
பெட்டிக்கு ரப்பர் வளையம் மாட்ட மறந்து
சீருடைப் பையிலேயே கொண்டுவந்துவிட்டேன்.
விழுந்த துண்டை எடுக்கக் குனிந்ததும்
இரண்டு மணி நிசப்தத்தில்
தாழ்வாரம் நெடுக
கியௌ.

ஒரு மூச்சு நேரம்.
பிறகு பதினான்காம் அறைக்குள்ளிருந்து
களகளகளவென்று முழங்கியது ஒரு கிழட்டுச் சேவல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
அன்று விடியும்வரை
அந்தக் கதவின் விளக்கு எரியவேயில்லை.

ஏப்ரல் கடைசி வியாழன் எனக்கு விடுப்பு.
ஓசார்க் மலைச்சரிவில் டாக்வுட் மரங்கள்
இருட்டிலேயே வெள்ளையாகத் தெரிந்தன.
ஓக் மரத்தில் முதுகு, முழங்காலில் துப்பாக்கி,
இடது கட்டைவிரல் பொத்தான்மேல்.
ஓடைக்கு அப்பால் கிளையிலிருந்து
கனமாக இறங்கியது ஏதோ.
அழுத்தினேன்.
பதில் வந்தது, மார்புக்கூட்டில் வந்து முட்டியது.

ஆனால் அவன் வரவில்லை.
அவர்கள் குலவழக்கம் அப்படி:
சேவல் நின்று முழங்கும், பெட்டைதான் தேடிப் போகும்.
அக்கரையில் வால் விரித்து
முன்னும் பின்னும் உலாத்திக்கொண்டிருந்தான்,
என் காலடி கேட்கும் என்று.
நாற்பது நிமிடம்.
பதினோரு வருடம் நடந்தவள் நான், ஐயா.
இன்று நீ வா.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.
மௌனம்தான் அவனை இழுத்தது.
இறக்கை ஒருமுறை அடித்து
ஓடை தாண்டி
பழுப்புச் சருகில் கால் வைத்து வைத்து,
தலை நீலமாகி, வெளுத்து, சிவந்து,
கழுத்தை நீட்டி
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்:
யார் கூப்பிட்டது?

அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.
இரவு மூன்று மணிக்குக் கதவு நிலையில்
அது என் கழுத்து.

சுட்டேன்.

இருபத்தொரு பவுண்டு. தாடி பத்து அங்குலம்.
வெர்லின் இரண்டுமுறை அளந்தான்,
பொம்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நெஞ்சுக் கறியை மோரில் ஊறப்போட்டேன்.

வெள்ளி இரவு, இரண்டு நாற்பது.
பதினான்கில் விளக்கு.
வழக்கமாக நேரே நுழைந்துவிடுவேன்.
அன்று நிலைக்கு இப்பாலேயே நின்று
தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.
கிளெட்டஸ் தலையணையில் சாய்ந்திருந்தார்,
கண் நேராக என்மேல்,
கட்டைவிரல் பொத்தானில்,
ஒரு மயிர் அசையவில்லை.

நன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள், என்றேன்.

உள்ளே போனேன்.