காந்தல்

மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில்
முப்பத்தோரு வருஷம்
காந்தத்தின் பக்கத்தில் நின்றவன் நான்.
கறுப்பு மணல் ஓடிவந்து ஒட்டும்.
வெளுத்தது தன்பாட்டுக்கு உதிரும்.
எது ஒட்டும் எது ஒட்டாது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்,
சத்தத்திலேயே.

எழுபத்துமூன்றில்
இரும்பு போதாது என்று எழுதித் தந்தார்கள்.
"கம்பெனியிலயே வச்சிட்டு வந்துட்டீரோ"
என்று சிரித்தாள் பிலோமினாள்.

சிவப்பு மாத்திரை, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒன்று.
முழு கிளாஸ் வெள்ளம் குடிக்கச் சொன்னது வாஸ்தவம்.
குடித்தால் மூன்று தடவை எழும்ப வேண்டும்,
முட்டு சம்மதிக்காது.
ஒரு மடக்கு. தலையணை.
அது எங்கே இறங்கிற்று, எங்கே தங்கிற்று என்று
யார் விசாரித்தார்கள்?

கறுப்பாய்ப் போயிற்று.
"மாத்திரை நெறம், பேடிக்காதீங்க" என்றாள் நர்ஸ்.
நாலு மாதம் பேடிக்காமல் இருந்தேன்.
வயிறு காந்திற்று.
சாளைக் குழம்பைப் பழி சொன்னோம்,
மரச்சீனியைச் சொன்னோம்,
மருமகள் அரைத்த மிளகைக்கூட.
பாவம், அவள் ஒரு வாரம் பேசவில்லை.

கறுப்பில் இரண்டு வகை உண்டாம்.
மாத்திரையின் கறுப்பு ஒன்று.
உள்ளே கசிந்த ரத்தத்தின் கறுப்பு மற்றது,
தார்போல் ஒட்டும், நாறும்.
பிரித்துப் பிரித்தே சம்பளம் வாங்கியவனுக்கு
இது பிரியவில்லை.

திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டில்
கண் இருட்டிச் சரிந்தபோது
தாங்கியது ஒரு மீன்காரியின் தோள்.
கூடை கவிழ்ந்தது. அவள் மீனைப் பார்க்கவில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் குழாய் விட்டார்கள்.
பிறகு படம் காட்டினார் டாக்டர் ஷைனி:
மழையில் கிடந்த தகரம்போல் ஓரிடம்,
துருவின் நடுவே புண்.
குறுணை அளவு சதை கிள்ளி
சாயம் ஏற்றிய இன்னொரு படம்.
நீலம். கொல்லங்கோட்டுக் கடலில்கூட
அப்படியொரு நீலம் பார்த்ததில்லை.
"நீலமெல்லாம் இரும்பு, ஐயா.
ரத்தத்துக்குப் போகாமல்
சுவரில் ஒட்டிக்கொண்டது."

நான் சிரித்துவிட்டேன்.
அவருக்குக் காரணம் புரியவில்லை.
வாழ்நாளெல்லாம் காந்தம் பார்த்த வேலையை
வயிறு கற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போது இரும்பு நரம்பு வழியாக வருகிறது,
சொட்டுச் சொட்டாய், நாற்காலியில் உட்கார்ந்தபடி.
மிஞ்சிய இரண்டு அட்டையை
பிலோமினாள் கறிவேப்பிலை மூட்டில் பொடித்துப் போட்டாள்.
அதற்கு வயிறு இல்லை என்றாள்.

காலையில் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று
கேட்கிறாள்:
"நெறம்?"
மட்டிப்பழம் என்கிறேன்.
"சீ" என்றுவிட்டு
சாயா போடப் போகிறாள்.