போச்சாது

பல் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்:
ராத்திரியில் அரைக்கிறீங்கம்மா,
கடைவாய் நாலும் மழுங்கிப்போச்சு.
யாரை அரைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
துளசிமணி, அனுப்பர்பாளையம், மூன்றாவது வீதி என்று
விலாசத்தோடு சொல்லியிருப்பேன்.

பல்லுக்கு மாட்டித் தூங்க ஒரு உறை,
ரெண்டாயிரத்து எண்ணூறு.
வீட்டுக்கு வந்ததும்
அதையும் உன் கணக்கில் எழுதினேன் துளசி.

நீல அட்டை நோட்டு.
முதல் பக்கத்தில் அசல்:
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
ரெண்டு வட்டி.
மாசி பிறந்தால் வருசக் கணக்கைக் கூட்டி
அடிக்கோடு போடுவேன்,
சிலர் கோயிலுக்குப் போவது மாதிரி.

ஆறு ஓவர்லாக் மிசினையும்
ஒரே ராத்திரியில் டெம்போவில் ஏற்றிப் போனாய்.
நாலாயிரம் குழந்தை பனியன்
கழுத்துப்பட்டி வைக்காமல் கிடந்தது.
காலையில் சட்டரைத் தூக்கினால்
தரையில் ஆறு இடத்தில் எண்ணெய்க் கறை.
மிசின் இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.
ஆர்டர்காரர் முன்னால்,
வேலைக்கு வந்த பதினாலு பிள்ளைகள் முன்னால்
நான் நின்ற நிற்பு...
வேண்டாம்.
அதைச் சுவரிடம் சொல்லியாயிற்று,
குக்கரிடமும் சொல்லியாயிற்று.

போன ஐப்பசியில் உழவர் சந்தையில்
உன்னைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.
வருசக்கணக்காய்த் தீட்டி வைத்த ஒரு வாக்கியம்
நாக்கு நுனி வரை வந்தது.
நீ அடிபட்ட தக்காளியாய்ப் பார்த்துப்
பொறுக்கிக்கொண்டிருந்தாய், விலை குறையுமென்று.
ரவிக்கைத் தோளில் நிறம் சேராத நூலில்
ஒட்டுத்தையல்.
ஓவர்லாக் துளசிமணிக்குக் கைத்தையல்!
எனக்குச் சந்தோசமாய் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் இருந்தது
அந்தச் சந்தோசம்.
அன்றைக்கு ராத்திரியும் பல் அரைத்தது.

மன்னிப்பு என்பது நம் வாயில் புழங்காத சொல்.
டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் சொல்வது.
நமக்கு இருந்தது போச்சாதுதான்.
பஸ் போய்விட்டால் போச்சாது.
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் போச்சாது.
ஒருநாள் ஊசி என் நகத்தைத் துளைத்து
உள்ளேயே ஒடிந்தபோது
நீதான் குறடு வைத்துப் பிடுங்கினாய்.
பனியன் வேஸ்ட்டைக் கிழித்துச் சுற்றிவிட்டு
"போச்சாது உடு, வெரலு இருக்குதில்ல" என்றாய்.
என் பங்கு பீஸையும் சேர்த்து
ராத்திரி ரெண்டு மணி வரை மிதித்தாய்.

இதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?
நோட்டில் அதற்கு நான் கட்டம் போடவில்லை.

இது பதினோராவது மாசி.
பல் உறையோடு சேர்த்து
ஆறு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது.
அடிக்கோடு போடப் போன பேனா
அப்படியே நின்றது.
அசலை நீ கொண்டுபோனாய், சரி.
இந்த வட்டியை
இத்தனை வருசமாய்க் கட்டிக்கொண்டிருந்தது யார்?
கடைவாய்ப் பல்லை
நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.

சத்தமாய்த்தான் சொல்லிவிட்டேன் போல.
"என்னங்கத்தை?" என்றாள் மருமகள்
உள்ளே இருந்து.
"பால் கணக்கு எழுத நோட்டு கேட்டியே, இந்தா."
தலைகீழாய்த் திருப்பிப்
பின்பக்கத்திலிருந்து எழுதச் சொன்னேன்.
கிழிக்கவில்லை. பாதி நோட்டு காலியாய்க் கிடந்தது.

இதனால் நீ யோக்கியம் என்று ஆகிவிடாது துளசி.
வீட்டுப்பக்கம் வந்துவிடாதே.
உனக்குக் காபி போட
எனக்கு இன்னும் கை வராது.
தூங்குகிறேன், அவ்வளவுதான்.
உறை டப்பாவில் கிடக்கிறது,
சில ராத்திரி வேண்டியும் இருக்கிறது.

தேய்ந்த பல் திரும்ப வளருமா என்று
டாக்டரிடம் கேட்டேன்.
வளராதும்மா என்றார்.
அதற்கும் அதே சொல்தான்.