நான்கு நிமிடம்

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவன் நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு துணிவு வராது.

பல்கேரியச் சமவெளியில் சின்ன ரயில் நிலையம்.
ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு தொலைபேசி,
புகையும் நிலக்கரி அடுப்பு,
கேட் கீப்பர் தோப்ரின்கா, நான்.
குளிர் ஏற ஏறக் கடிகாரம் பின்தங்கும்.
ஜனவரியில் நான்கு நிமிடம்.
மூன்று குளிர்காலம் பதிவேட்டில் எழுதினேன்.
மூன்று முறையும் ப்ளோவ்திவ் தலைமையகம்
'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தியது.

அன்று பனி. தொலைபேசிக் கம்பி அறுந்துகிடந்தது.
கடிகாரம் சொன்ன நேரத்துக்குக்
கேட்டை இறக்கப் போனாள் அவள்.
சரக்கு ரயில் தன் நேரத்துக்கு வந்தது.
இடையில் பால் லாரியோடு ராங்கெல்.

தண்டவாளத்தில் பாலும் பனியும் ஒரே நிறம்.
கையில் மண்வாரியோடு
எதை அள்ளுவதென்று தெரியாமல் நின்றேன்.

விசாரணைக் குழுவுக்கு முன்பே
புதுக் கடிகாரம் வந்து சேர்ந்தது.
பைண்டிங் பிரிந்திருக்கிறது என்று
பதிவேட்டை எடுத்துப் போனார்கள்.
எனக்கு இரண்டு மகள்கள்,
ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது ஆண்டு.
'கடிகாரம் சரியாக ஓடியது'
என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டேன்.
பேனாகூட அவர்களுடையதுதான்.

வேலை போனது அவளுக்கு.
அப்புறம் ஒவ்வொரு வியாழனும்
காலைப் பேருந்தில் ப்ளோவ்திவ் போவாள்.
தலைமையகத்துக்கு எதிர் பெஞ்சு.
கோஷமில்லை, பலகையில்லை.
கழுத்தில் சமையலறைக் கடிகாரம் ஒன்று
நூல்கயிற்றில் தொங்கும்,
நான்கு நிமிடம் பின்தங்க வைத்தது.

அதிகாரிகள் படியேறும்போது
தங்களையறியாமல் மணிக்கட்டைத் திருப்புவார்கள்.
அவளைப் பார்த்து வாட்சைத் திருத்திக்கொண்ட
துணை இயக்குநர் ஒருவர்
சோஃபியா ரயிலைத் தவறவிட்டாராம்.
கேன்டீனில் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

ராங்கெலின் மனைவி ஸ்தோயன்கா
முதல் ஆண்டு வந்து
அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.
நான்காம் ஆண்டு வந்தவள் உட்கார்ந்தாள்.
மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.
இருவரும் கொரித்தார்கள்.
பேசியது ஒன்றுதான் என்கிறார்கள்:
"அவர் நேரம் தவறாத மனுஷன்."
"தெரியும். தினமும் கையசைப்பார்."

எட்டாம் ஆண்டு பதில் வந்தது.
'அக்காலத்திய நேரங்காட்டும் கருவிகளில்
வேறுபாடு இருந்திருக்கக்கூடும் என்பதை
முற்றிலும் மறுப்பதற்கில்லை.'
அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.
செத்தவனும் இல்லை, பழி சுமந்தவளும் இல்லை.
உறையில் மட்டும் அவள் பெயர்,
அதிலும் ஓர் எழுத்தைக் காணோம்.
சிவப்பு மையில் எழுத்தைச் சேர்த்து
ஒப்புகைச் சீட்டோடு
திருப்பி அனுப்பிவிட்டாள்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன்.
ரோஜாக் கொத்தும் கைகுலுக்கலும்
பித்தளைத் தகட்டில் என் பெயர் பொறித்த
சுவர்க்கடிகாரமும் தந்தார்கள்.
வீட்டில் எந்தச் சுவரும் அதை ஏற்கவில்லை.
ஆணி மூன்று முறை வளைந்தது.

இன்று வியாழன்.
நாளிதழில் சுற்றி எடுத்து வந்தேன்.
தோப்ரின்கா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.
தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது.
என்னென்னவோ சொன்னேன்.
மகள்கள், குவார்ட்டர்ஸ், பயம்.
கேட்டு முடித்தாள்.
"எழுதித் தா," என்றாள்.

அவள் பையிலிருந்து தாள் வந்தது, பேனா வந்தது.
குளிரில் மை இறங்கவில்லை.
ஸ்தோயன்கா அதை என்னிடமிருந்து வாங்கி
இரு உள்ளங்கைக்கும் நடுவில்
உருட்டிக்கொண்டிருக்கிறாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.